துளை சிறிது; அறுவை பெரிது



இன்று நாம் பேசப்போவது அறுவை சிகிச்சை பற்றி. மருத்துவம் நம் தொழில் அன்று. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதே நம் தொழில். அப்படியிருக்க, தோட்டப் பள்ளி ஆசிரியருக்கும் அறுவை சிகிச்சைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நம் வகுப்பறையில் நடந்த ஒரு நிகழ்ச்சிதான் தொடர்பு. அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நம்மிடம் ஆறாம் ஆண்டு படித்த மாணவன் ஒருவன். படிப்பில் கெட்டிக்காரன், மலாய்மொழிப் பாடத்தில் அவனை விஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவன் திடீரென்று ஒரு வாரம் வாயே திறக்கவில்லை. வீட்டுப்பாடம் செய்யவில்லை. ஓய்வு நேரத்திலும் வெளியே போகாமல் மேசைமேல் தலை கவிழ்ந்து கிடந்தான். தனியே அழைத்து, "என்னப்பா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டோம். விம்மி விம்மி அழுதுவிட்டுச் சொன்னான்: "எங்கம்மா வயித்தை நான்தான் சார் கிழிக்க வச்சிட்டேன்."

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தபோது விவரம் தெரிந்தது.

அவன் தாய்க்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்ட பிறகு வலது விலாவின் கீழ் வலி பிடுங்கும், முதுகுவரை பாயும், வாந்தி வரும். அரசாங்க மருத்துவமனையில் சோதித்தார்கள். அறுவை செய்ய வேண்டும் என்று சொல்லி, நான்கு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். அந்த நேரத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவர், "தனியார் மருத்துவமனையிலே ஓட்டை போட்டே எடுத்துடுவாங்க. இன்னைக்குப் போனா நாளைக்கு வீட்டுக்கு வந்துடலாம். தழும்புகூடத் தெரியாது" என்று சொன்னார். வீட்டில் கலந்து பேசினார்கள். மூத்த மகளின் மேற்படிப்புக்கென்று சேர்த்த பணத்தை எடுத்தார்கள். நகையை அடகுக் கடையில் வைத்தார்கள். 14,000 வெள்ளி ஆகும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிப் போனார்கள்.

அங்கே ஒரு பாரம் கொடுத்தார்கள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட பாரம். தந்தைக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. தாய்க்கு இரண்டும் வராது. "தம்பி, நீதானே மலாய்ல கெட்டிக்காரன், படிச்சுச் சொல்லுய்யா" என்று பிள்ளையிடம் நீட்டினார்கள். அவன் படித்தான். அதில் 'பெம்பெடாஹான் தெர்புக்கா' என்று ஒரு சொல் இருந்தது. தெர்புக்கா என்றால் திறந்த என்று அவனுக்குத் தெரியும்; கதவு திறந்திருக்கிறது, சன்னல் திறந்திருக்கிறது என்று பாடத்தில் படித்திருக்கிறான். இங்கே அது என்ன திறப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை. முக்கியமில்லை என்று எண்ணி விட்டுவிட்டான். "ஒண்ணுமில்லைம்மா, சும்மா ஃபாரம்தான், கையெழுத்துப் போடுங்க" என்றான். தாயும் போட்டார்.

துளைவழி அறுவை என்று தொடங்கியது அப்படியே முடியவில்லை. பித்தப்பை வீங்கிப்போய், சுற்றியுள்ள உறுப்புகளோடு ஒட்டிக்கொண்டிருந்ததால், மருத்துவர் வயிற்றைத் திறந்து அறுவை செய்ய வேண்டியதாயிற்று. மறுநாள் வீடு திரும்ப வேண்டியவர் ஆறு நாள் படுக்கையில் இருந்தார். கடைசியில் வந்த பில் 23,000 வெள்ளி. வீட்டுக்கு வந்த உறவினர்கள், "கையெழுத்துப் போடும் முன்னே படிக்கலையா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் நெஞ்சில் போய்த் தைத்துவிட்டது.

நேயர்களே, இதில் அந்தப் பிள்ளையின் குற்றம் ஏதுமில்லை. நாம் விசாரித்தவரையில், வயிற்றைத் திறந்த மருத்துவரின் முடிவும் தவறன்று. அந்த நிலையில் தாயின் உயிருக்குப் பாதுகாப்பான வழி அதுதான். பிழை எங்கே என்றால், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போனதுதான். கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் சொல்லவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இன்றைய பேச்சு.

முதலில், துளைவழி அறுவை என்றால் என்ன? லேப்ராஸ்கோப்பி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். சாவித் துவார அறுவை என்று பத்திரிகைகள் எழுதும். கதவின் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தால் அறை முழுவதும் தெரிகிறதல்லவா? அதுபோலத்தான். தொப்புளின் அருகே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துளை போடுவார்கள். அதன் வழியே கரியமில வாயுவை உள்ளே செலுத்துவார்கள். வயிற்றுத் தோலும் தசையும் கூடாரத் துணிபோல மேலே எழும்பி, உள்ளே வேலை செய்ய இடம் கிடைக்கும். பிறகு விளக்கும் கேமராவும் பொருத்திய ஒரு மெல்லிய குழாயை நுழைப்பார்கள். உள்ளே இருப்பது தொலைக்காட்சித் திரையில் பெரிதாகத் தெரியும். இன்னும் இரண்டு மூன்று சிறு துளைகள் வழியே நீண்ட மெல்லிய கருவிகளை விட்டு, திரையைப் பார்த்தபடியே மருத்துவர் அறுவை செய்வார். பித்தப்பை என்றால், அதன் குழாயையும் இரத்தநாளத்தையும் சிறிய கவ்விகளால் இறுக்கி மூடி, வெட்டி, ஒரு பையில் இட்டுத் துளை வழியே வெளியே எடுத்துவிடுவார்.

இந்த முறை மிகப் பழையதன்று. 1980-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் குர்ட் செம் என்ற மருத்துவர் குடல்வாலை இப்படி அகற்றினார். 1985-ஆம் ஆண்டில் அதே நாட்டில் எரிக் மியூஹ என்பவர் பித்தப்பையை அகற்றினார். தொடக்கத்தில் சக மருத்துவர்களே இதை ஏற்கவில்லை. இன்றோ பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம், பெண்களின் கருப்பைக் கட்டி, சூலகக் கட்டி எனப் பலவற்றுக்கும் இந்த முறை உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. முன்பெல்லாம் பித்தப்பையை எடுக்க வலது விலாவின் கீழ் ஒரு சாணுக்குக் கீறுவார்கள். அந்தக் கீறல் ஆறும்வரை இருமவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. துளைவழி அறுவையில் வலி குறைவு; புண்ணில் சீழ் பிடிப்பது குறைவு; பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். நல்ல முறைதான், அதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். பால்மரம் சீவியவர்களுக்கு ஒன்று தெரியும். மரத்தில் போடும் வெட்டு மெல்லியதுதான். ஆனால் கத்தி ஒரு நூலளவு ஆழமாகப் போய்விட்டால் மரம் காயப்பட்டுப் போகும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். வெட்டின் நீளம் பெரிதன்று; உள்ளே எதைத் தொடுகிறது என்பதுதான் பெரிது. வயிற்றில் போடும் துளையும் அப்படியே. வெளியே துளை சிறியது. உள்ளே நடப்பது முழு அறுவை. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். இரத்தம் கசியலாம். குடலிலோ இரத்தநாளத்திலோ கருவி படலாம். ஆயிரத்தில் ஒரு சிலருக்கு ஈரலிலிருந்து பித்தநீர் வரும் முக்கியக் குழாயே காயப்படுவதுண்டு. அதைச் சரிசெய்ய இன்னொரு பெரிய அறுவை தேவைப்படும். நூறு பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு, துளைவழியாகத் தொடங்கியது வயிற்றைத் திறந்துதான் முடியும். பித்தப்பை கடுமையாக வீங்கியவர்களுக்கும், முன்பே வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

இதையெல்லாம் உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பயந்து வலியைச் சகித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்துதான். வீங்கிய பித்தப்பை அழுகிப்போகலாம். கல் நகர்ந்து குழாயை அடைத்தால் மஞ்சள்காமாலையும் கணைய வீக்கமும் வரலாம். போகலாமா வேண்டாமா என்பதை விவரம் தெரிந்து முடிவு செய்யுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

அப்படியானால் அறுவைக்கு முன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்? ஒவ்வொன்றாகச் சொல்கிறோம். பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் இருந்தால் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, இந்த அறுவை எனக்குத் தேவைதானா, இப்போதே தேவையா என்று கேளுங்கள். வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது பித்தப்பையில் கல் தெரிந்தது, ஆனால் வலியோ தொந்தரவோ இல்லை என்றால், பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. வலி வந்து வந்து போகிறது என்றால் தேவைப்படும். ஆனால் சில வாரம் பொறுக்கலாமா என்று கேட்கலாம். காய்ச்சலும் விடாத வலியும் மஞ்சள் கண்ணும் இருந்தால் பொறுக்கக் கூடாது. உடனே எந்த மருத்துவமனையாயினும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அறுவை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பதாகாது.

இரண்டாவது, துளைவழி அறுவை தனியார் மருத்துவமனையில்தான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். நம் நாட்டின் பல அரசாங்க மருத்துவமனைகளில் இதே அறுவையை இதே முறையில் செய்கிறார்கள். குடிமக்கள் அரசாங்க வெளிநோயாளர் பிரிவில் 1 வெள்ளியும், சிறப்பு மருத்துவரைக் காண 5 வெள்ளியும் கட்டுகிறோம். அறுவைக்கும் படுக்கைக்கும் ஆகும் கட்டணமும் தனியாரைவிட மிக மிகக் குறைவு. காத்திருக்க வேண்டும் என்பதுதான் சிரமம். காத்திருக்கும்போது வலி அதிகமானால், கொடுத்த தேதிவரை பேசாமல் இருந்துவிடக் கூடாது. திரும்பிப் போய் நிலைமையைச் சொன்னால் தேதியை முன்னே தள்ளித் தரவும் கூடும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் தனியாருக்குப் போவதென்றால் தாராளமாகப் போகலாம்.

மூன்றாவது, யார் கத்தி எடுக்கப் போகிறார்? அறுவை செய்யும் மருத்துவரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மருத்துவரும் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். சிறப்பு மருத்துவர்களுக்கு தேசிய நிபுணர் பதிவேடு என்று ஒன்று தனியே உண்டு. படித்த பிள்ளைகள் கைப்பேசியிலேயே இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லிவிடலாம். "டாக்டர், இந்த அறுவையை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா? எத்தனை பேருக்கு வயிற்றைத் திறக்க வேண்டி வந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார். மயக்கம் கொடுக்கும் மருத்துவரையும் முன்கூட்டியே பார்த்துப் பேச வேண்டும்.

நான்காவது, கையெழுத்துப் பாரம். நேயர்களே, இதைத்தான் நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். அந்தப் பாரம் வெறும் பதிவுக் காகிதமன்று. 'இன்னது செய்யப் போகிறார்கள், இன்னின்ன ஆபத்து உண்டு, தேவைப்பட்டால் வயிற்றைத் திறப்பார்கள்; எல்லாம் எனக்கு விளங்கியது; சம்மதம்' என்பதே அதன் பொருள். விளங்காமல் போடும் கையெழுத்து சம்மதமாகுமா?

இதைப் பற்றி நம் நாட்டின் உச்ச நீதிபீடமே பேசியிருக்கிறது. 1982-ஆம் ஆண்டில் ஒரு கார் விபத்தில் கழுத்தெலும்பு விலகி, அறுவைக்குப் பிறகு உடல் செயலிழந்துபோன ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கு பல படிகளைத் தாண்டி, 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றத்தில் முடிந்தது. சிகிச்சையில் உள்ள முக்கியமான ஆபத்துகளை நோயாளியிடம் எடுத்துச் சொல்வது மருத்துவரின் கடமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதைச் சொல்லலாம், எதை விடலாம் என்பதை மருத்துவர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் வழக்கத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய முடியாது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகையன்று, உரிமை.

"எனக்கு மலாய் படிக்க வராது, தமிழில் சொல்ல ஆள் வேண்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அங்கே தமிழ் தெரிந்த தாதியோ பணியாளரோ இருப்பார். இல்லாவிட்டால் விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். பாரத்தை அறுவை நாளன்று காலையில் வாங்கிப் படிக்காமல், முதல் சந்திப்பிலேயே ஒரு பிரதி கேட்டு வீட்டுக்கு எடுத்துவாருங்கள். பள்ளிப் பிள்ளையை மட்டும் மொழிபெயர்க்க விடாதீர்கள். அது அவன் தோள் தாங்கும் சுமையன்று.

ஐந்தாவது, பணம். 1998-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் 2006-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீட்டைக் கேட்டறியவும், பிறகு விவரமான பில்லைக் கேட்டுப் பெறவும் நோயாளிக்கு இடமுண்டு. மருத்துவர் வாங்கும் கட்டணத்துக்கு அச்சட்டத்தின் விதிகளில் உச்ச வரம்பு வகுத்திருக்கிறார்கள். ஆனால் அறை, மருந்து, கருவி, அறுவைக் கூடம் ஆகியவற்றுக்கு மருத்துவமனை வாங்கும் கட்டணம் வேறு. ஆகவே, "மொத்தம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. அறுவை மருத்துவருக்கு எவ்வளவு, மயக்க மருத்துவருக்கு எவ்வளவு, அறைக்கும் பொருளுக்கும் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். கடைசியாக ஒரு கேள்வி: "வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால், அதிக நாள் தங்க நேர்ந்தால், எவ்வளவு ஆகும்?" அந்தத் தாயின் குடும்பம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், காத்திருந்து அரசாங்க மருத்துவமனைக்கே போயிருப்போம் என்று பிறகு நம்மிடம் சொன்னார்கள்.

மருத்துவக் காப்புறுதி அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் போய்ப் படுத்துவிடக் கூடாது. காப்புறுதி எடுத்த முதல் 30 நாளில் வரும் நோய்களுக்கு, விபத்து தவிர, பொதுவாகப் பணம் கிடைக்காது. பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், குடலிறக்கம், கட்டி போன்ற சில நோய்களுக்கு முதல் 120 நாளுக்கு இல்லை என்று பல காப்புறுதிகளில் எழுதியிருக்கும். எடுக்கும் முன்பே இருந்த நோயை மறைத்திருந்தாலும் சிக்கல்தான். சில அட்டைகளில் செலவில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் மருத்துவமனைக்கு வந்துவிட்டதா, எவ்வளவு தொகைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகே நாள் குறியுங்கள்.

ஆறாவது, அறுவைக்கு முன் நம் பக்கத்தில் செய்ய வேண்டியவை. இனிப்புநீர், இரத்த அழுத்தம், ஆஸ்துமா, இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரை, சில இனிப்புநீர் மாத்திரைகள் ஆகியவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும். எதை நிறுத்துவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்தலாகாது. நாட்டு மருந்து, ஜாமு, ஜின்செங் குடிப்பவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும். இவற்றில் சில இரத்தக் கசிவை அதிகமாக்கும். பெண்கள் மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். புகைப்பவர்கள் அறுவைக்குச் சில வாரம் முன்பே நிறுத்தினால் நுரையீரலுக்கு நல்லது.

வெறும் வயிறு என்று சொன்னால் வெறும் வயிறுதான். பொதுவாக ஆறு மணி நேரம் உணவு கூடாது. வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு முன்வரை குடிக்கலாம். உங்கள் மருத்துவமனை எந்த நேரம் சொல்கிறதோ அதையே பின்பற்றுங்கள். "ஒரு வாய் தேத்தண்ணிதானே" என்று குடித்துவிட்டுப் போகிறவர்கள் நம்மில் உண்டு. பால் கலந்த தேநீர் உணவுக்குச் சமம். மயக்கத்தில் அது மேலே எழும்பி மூச்சுக்குழாயில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. பசி தாங்காமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டால் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். அறுவை ஒரு நாள் தள்ளிப்போவதோடு போகும்.

இன்னொன்று தாய்மார்களுக்கு. அறுவையில் இரத்தத்தை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். உடம்பில் உலோகம் இருந்தால் தோல் சுட்டுப்போக வாய்ப்புண்டு. அதனால் நகை எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராது. அது நமக்குத் தெரியும். கடைசி நேரத்தில் அழுது நிற்காமல், முன்கூட்டியே வீட்டுப் பெரியவர்களோடு பேசி, அன்றைக்கு மட்டும் உலோகமில்லாத மஞ்சள் கயிறாக மாற்றிக்கொள்ளலாமா என்று தாதியிடம் கேளுங்கள். துளை தொப்புளருகே வருவதால், முந்தின நாள் குளிக்கும்போது தொப்புளையும் நன்றாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

ஏழாவது, வீட்டுக்கு வந்த பிறகு. முதல் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் செய்த அறுவைக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். உள்ளே செலுத்திய வாயு, மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையை உறுத்துகிறது. அந்த உறுத்தல் நரம்பு வழியே தோளில் தெரிகிறது. எழுந்து மெல்ல நடந்தால் தானே போய்விடும். பித்தப்பை இல்லாமலும் நன்றாக வாழலாம். ஈரலில் ஊறும் பித்தநீர் நேரே குடலுக்குப் போய்விடும். கொஞ்ச நாளுக்கு எண்ணெயும் கொழுப்பும் குறைத்துச் சாப்பிட்டால் போதும். பத்தியம் என்று சொல்லிக் கஞ்சியும் உப்பும் மட்டுமே கொடுத்து உடம்பை வாட்ட வேண்டாம். புண் ஆறப் பருப்பும் மீனும் முட்டையும் வேண்டும்.

ஆனால் காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, நிற்காத வாந்தி, புண்ணில் சீழ், கெண்டைக்காலில் வீக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் ஒன்று கண்டாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே போக வேண்டும். நம் தோட்டங்கள் பல பட்டணத்திலிருந்து தள்ளியிருக்கின்றன. இரவு நேரத்தில் யாருடைய காரில் போவது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதை அறுவைக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குத் திரும்புவது எப்போது? எழுத்து வேலைக்கு ஓரிரு வாரத்தில் போய்விடலாம். நம் வேலை அப்படிப்பட்டதா? செம்பனைக் குலை தூக்குவதும், உதிரிப் பழ மூட்டை சுமப்பதும், மருந்துத் தோம்பை முதுகில் மாட்டுவதும் வயிற்றுத் தசையைப் பிடித்திழுக்கும். துளைவழி அறுவையானால் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரமும், வயிற்றைத் திறந்திருந்தால் அதற்கு மேலும் பளு தூக்கக் கூடாது. மீறினால் துளை போட்ட இடத்தில் குடலிறக்கம் வரலாம். "நான் என்ன வேலை செய்கிறேன் தெரியுமா டாக்டர்?" என்று விளக்கிச் சொல்லி, அதற்கேற்ற விடுப்புச் சான்றிதழ் கேளுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, வேலைசெய்த ஆண்டுகளுக்கு ஏற்ப வருடத்துக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் 60 நாள் வரை உண்டு. 2023-ஆம் ஆண்டு ஜனவரியிலிருந்து இந்த 60 நாள் மற்ற நோய் விடுப்போடு சேராமல் தனியாகவே கணக்காகிறது. ஆனால் இரண்டு செய்தி. முதலாளி நியமித்த மருத்துவர் இருந்தால் சட்டம் அவரைத்தான் முதலில் குறிப்பிடுகிறது. விடுப்பு தொடங்கி 48 மணி நேரத்துக்குள் தகவலும் கொடுக்க வேண்டும். ஆகவே தனியார் மருத்துவமனைக்குப் போகும் முன்பே தோட்ட அலுவலகத்தில் தெரிவித்து, அவர்கள் சான்றிதழை ஏற்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் மனக்குறை வந்தால் என்ன செய்வது? சண்டைக்குப் போக வேண்டாம். தனியார் மருத்துவமனை ஒவ்வொன்றும் நோயாளியின் குறையைக் கேட்க ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்று நாம் முன்னே சொன்ன சட்டமே கூறுகிறது. மருத்துவ அறிக்கையையும் விவரமான பில்லையும் கேட்டு வாங்கி, குறையை எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் சுகாதார அமைச்சுக்கு எழுதலாம்.

நேயர்களே, அந்தத் தாய் இன்று நலமாக இருக்கிறார். இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அடகு வைத்த நகையில் பாதி இன்னும் திரும்பவில்லை. நாம் அவர் வீட்டுக்குப் போனபோது, பிள்ளையை அருகில் உட்காரவைத்து, "அம்மாவிடம் சொல்லிவிடு" என்றோம். அவன் தலைகுனிந்தபடி அந்த 'தெர்புக்கா' கதையைச் சொன்னான். தாய் அவன் தலையைத் தடவி, "படிக்காதது என் குத்தம், நீ என்ன பண்ணுவே ராசா" என்றார். நாம் சொன்னோம், "அம்மா, அது உங்கள் குற்றமும் அல்ல. கேட்கலாம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்."

அதன் பிறகு நம் பள்ளியில் ஒரு சிறு ஏற்பாடு செய்தோம். மருத்துவமனைப் பாரமோ, காப்புறுதிக் கடிதமோ, எதுவாயினும் விளங்காவிட்டால் பள்ளி முடியும் நேரத்தில் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவித்தோம். ஆசிரியர்கள் படித்துத் தமிழில் சொல்கிறோம். மருத்துவ விவரம் நமக்குத் தெரியாவிட்டால், மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எழுதிக் கொடுத்தனுப்புகிறோம். உங்கள் தோட்டத்துப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

சென்ற மாதம் ஒரு தாய் அப்படி ஒரு பாரத்தோடு வந்தார். படித்துச் சொல்லி முடித்ததும், "சார், இதுலே வயித்தைத் திறப்போம்னு இருக்குதே, அதுக்கு எவ்வளவு பணம்னு இல்லையே?" என்று கேட்டார். நமக்கு முன்னே அவரே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தோம். மடித்துப் பத்திரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

நீங்களும் கேளுங்கள். கேட்டு விளங்கிக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.